அலங்காரக் குளங்களுக்கு விலக்கு

தம்பி,

நீ சௌக்கியமாக இருப்பாய். காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தவனுக்கு என்ன குறை? நானும் சௌக்கியம்தான். கோபம் இருக்கும்வரை எனக்குக் காய்ச்சல்கூட வராது என்று உன் அப்பா சொல்வார், அது இன்றைக்கும் உண்மை. போன ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து வந்து, காப்பி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாய். சுகாதாரப் பரீட்சையில் தேறிவிட்டாய், நம் ஊர் போர்டிலேயே இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்துவிட்டது, மெம்பரே உனக்காகத் துரையிடம் பேசினார். போதாக்குறைக்கு உன் முதுகில் தட்டி, “ஒங்க அம்மாகிட்ட சொல்லுப்பா, பழசையெல்லாம் நான் மறந்துட்டேன்னு” என்றாராம். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். வாயைத் திறந்திருந்தால் அடுத்த சந்து மாடுகூட மிரண்டிருக்கும், அதனால்தான் திறக்கவில்லை. நீ ரயிலேறிப் போன பிறகு, கத்தாமல் சொல்வதற்கு இதுதான் வழி என்று காகிதத்தை எடுத்தேன்.

அவர் பழசை மறந்துவிட்டார். மறக்க வேண்டியவர் அவர் இல்லை. மறக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவள் கப்பலேறிப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நீ அப்போது பல் விழுகிற வயதுப் பையன். உனக்குத் தெரிந்ததெல்லாம் நம் சந்தில் ஒரு வேடிக்கை நடந்தது, எல்லோரும் சிரித்தார்கள் என்பது மட்டும்தான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் இவர் என்று மரியாதை கொடுத்து இவ்வளவு தூரம் எழுதியதே பெரிது. இனி அவன் என்றுதான் எழுதுவேன், நீ பல்லைக் கடித்துக்கொண்டு படி.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு துரை. எப்போது எழுந்திருப்பது, எப்போது படுப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் அடிப்பது, எல்லாம் அவன் சொன்னபடி. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு செங் பக்கம் வண்டிக்காரர்கள் சந்துக்கு வந்தபோது, இனிமேல் என் வீட்டுக் கதவு என் கதவு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, டவுனில் துரை ஒருவன் இல்லை, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் போர்டு. நாய்க்கு லைசென்ஸ், சைக்கிளுக்கு லைசென்ஸ், மாட்டுவண்டிக்கு லைசென்ஸ், சாமி ஊர்வலத்து மேளத்துக்கு பெர்மிட். மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் முத்திரை ஒட்டவில்லை. அந்த மேசையில் நம் ஆள் ஒருவனையும் வெள்ளைக்காரர்கள் உட்கார வைத்திருந்தார்கள். அவன்தான் மெம்பர். சாயங்காலம் வாசகசாலைக்கு வந்து, “நம்ம ஜனங்க அடிமைப்பட்டுக் கெடக்காங்க! நம்ம உரிமையை நாமதான் கேக்கணும்!” என்று மேசையைத் தட்டுவான். காலையில் அதே கையைத் தூக்கி, துரை கொண்டுவருகிற ஒவ்வொரு விதிக்கும் சரி என்பான். அவன் தட்டுகிற சத்தம்தான் எங்களுக்குக் கேட்டது, தூக்கின கையை நாங்கள் பார்க்கவில்லை.

கொசு விதி அப்படித்தான் வந்தது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கின தண்ணீரில் ஜெந்திக் இருந்தால் சம்மன். வாளியில் நெளியுமே அந்தக் கொசுப்புழு, அதைத்தான் இங்கே எல்லோரும் ஜெந்திக் என்போம். நான் கொசுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை, தம்பி. தோட்டத்தில் குளிர்காய்ச்சல் வந்து கூலிக் குடியிருப்பில் லயத்துக்கு லயம் பிணம் தூக்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் தங்கையை அதற்குத்தான் கொடுத்தேன். காய்ச்சலைக் கொல்ல வருகிறவன் கதவைத் தட்டி, “அம்மா, இந்தத் தண்ணியக் கொட்டிருங்க” என்று சொன்னால் கொட்டிவிட்டு அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பியிருப்பேன். நம் ஜனங்களுக்கு நல்லது கெட்டது தெரியாது, கம்பை எடுத்தால்தான் தெரியும் என்று அந்த மேசையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அதைச் சொன்னதும் நம்ம உரிமைக்காரன்தானாம். போர்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் உன் அப்பாவின் வண்டியில் வரும்போது அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு நம் சந்துப் பெண்கள் முளைப்பாரி போட்டோம். ஊர்வலத்தில் முன்னால் போகும் தலைப்பாரி செல்லாயி அக்காவுடையது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீடு. நீ பெரியம்மா, பெரியம்மா என்று அவள் அடுப்படியிலேயே கிடப்பாய். கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமல் இருந்து, அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அவள் வீட்டுப் பின்னறையை முளைப்பாரிக்கு விட்டாள். மண்சட்டியில் எருப்பொடியும் மண்ணும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாமல் மூடி வைப்போம். விரதம் இருக்கிற பெண்களைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. புருஷனாக இருந்தாலும் வாசலோடு சரி. பயிர் வெளிச்சம் காணாமல் மஞ்சள் மஞ்சளாக நீண்டு வளரும். அது செழித்தால் குடி செழிக்கும், அது அழிந்தால் போட்டவள் தலையில் பழி விழும். இந்த ஊர் எறும்பு உனக்குத்தான் தெரியுமே, ஒரு தானியத்தை விட்டுவைக்காது. அதனால் சட்டிகளை ஒரு பலகை மேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர் ஊற்றின தகரத்துக்குள் நிறுத்தினோம், சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வது மாதிரி. விரத அறை பாரு, தகரத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் காலையில் வந்தான், நாலைந்து போர்டுக் கூலிகளோடு. அவனும் தமிழன்தான். பின்னறை பூட்டியிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செல்லாயி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

“ஐயா, செருப்போட வராதீங்க. உள்ள முளைப்பாரி இருக்கு. சாமி காரியம்ங்க.”

“என்ன பாரியோ, எனக்குத் தெரியாது. தொறக்கணும்.”

“நாளைக்கழிச்சு ஊர்வலம்யா. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க, அப்புறம் நானே தொறந்து விடுறேன்.”

“கொசு ஒன் ஊர்வலத்துக்குக் காத்துக்கிட்டு இருக்குமா? ரூல்னா ரூல்தான். சாமிக்கு ஒண்ணு ஆசாமிக்கு ஒண்ணுன்னு கெடையாது.”

நான் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்தேன். “தகரத்த வெளிய எடுத்துத் தர்றோம், ஐயா, நீங்க இங்கியே நின்னு பாருங்க” என்று நானும் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அவன் காலால் கதவை உதைத்தான். தகரத்தில் ஜெந்திக் இருந்தது உண்மை. தகரத்தைக் கவிழ்த்தால் முடிந்தது. அவன் பலகையையே கவிழ்த்தான். சட்டியிலும் தண்ணீர் இருக்கிறதாம், சட்டியையும் உடைக்கச் சொன்னான். கூலி ஒருவன் தயங்கி, “ஐயா, எங்கூட்டுலயும் போடுவோம்யா இது” என்றான். அவனைத் திட்டிவிட்டு இவனே பூட்ஸால் மிதித்தான். செல்லாயி அக்கா உடைந்த ஓட்டிலிருந்து பயிரைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் சம்மன் எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

உன் அப்பாவும் இன்னும் சில பெரியவர்களும் மெம்பரைப் போய்ப் பார்த்தார்கள். நம்ம ஆள், நம்ம சாமி, கேட்பான் என்று நம்பினார்கள். “சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம். நான் தலையிட்டா துரை என்னையப்பத்தி என்ன நெனைப்பாரு? நீங்க இந்த மூடப் பழக்கத்த விடணும்” என்று உபதேசம் செய்து அனுப்பினான். அடுத்த மாதமே செல்லாயி அக்காவுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. பயிர் அழிந்ததால்தான் பிள்ளை அழிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு புத்தி உண்டு. அன்றைக்கு அந்த வாசலில் விழுந்த அதிர்ச்சி காரணமா, அவள் உடம்பின் பலவீனம் காரணமா, யாருக்குத் தெரியும்? ஆனால் சந்துக்குச் சந்தேகமே இல்லை. அவள் மாமியார் அவளை முகத்தில் முழிக்கவே விடவில்லை. தண்ணீர்க் குழாயில் மற்றப் பெண்கள் அவள் குடத்துக்குப் பின்னால் வைக்க மாட்டோம் என்றார்கள், என்னோடு கும்மி அடித்த அதே பெண்கள். கடைசியில் புருஷன் டிக்கெட் வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டான். வண்டியில் அவளைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டது உன் அப்பாதான். அவள் போய்ச் சேர்ந்தாளா என்றுகூட இன்றுவரை ஒரு தகவல் இல்லை. அன்றைக்கு நான் முடிவு செய்தேன், இந்த மெம்பர் தலைநிமிர்ந்து இந்த ஊரில் நடக்கக் கூடாது.

எனக்கு என்ன ஆயுதம்? இரண்டு மாடு, ஒரு பால் செம்பு. அந்தச் செம்பு தினமும் மெம்பர் வீட்டுக் கொல்லைப்புறம்வரை போகும். அவன் பங்களா முன்னால் சிமெண்டில் ஒரு குளம் கட்டியிருந்தான், நடுவில் ஒரு கொக்கு பொம்மை, சுற்றிலும் அல்லி. துரைமார் வீடுகளில் இருக்கிறதாம், இவனுக்கும் வேண்டும் என்று ஆசை. கொக்கு வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் என்றார்கள், கட்டின வாரத்தோடு அது அடைத்துக்கொண்டது. பால் ஊற்றப் போகும்போது ஒருநாள் குனிந்து பார்த்தேன். தம்பி, நம் சந்து முழுக்கத் தேடினாலும் அவ்வளவு ஜெந்திக் கிடைக்காது. பச்சைத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

போர்டுப் பெரிய துரைக்கு மெம்பர் தன் வீட்டில் ஒரு தேநீர் விருந்து வைத்தான். பால் அதிகம் வேண்டும், சாயங்காலம் நேரே கொண்டுவா என்று சமையல்காரன் சொன்னான். உன் அப்பாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “ஏ புள்ள, நமக்கு எதுக்கு வம்பு? மாட்ட வச்சுப் பொழைக்கிறவங்க நாம” என்றார். “நீங்க வண்டில இருங்க, நான் போய்ட்டு வந்துடுறேன்” என்றேன். பாலைச் சமையல்காரனிடம் கொடுத்தேன். அங்கே இருந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்துக் குளத்தில் முக்கினேன். புல்தரையில் வெள்ளை மேசைவிரிப்பு போட்டு துரையும் துரைசாணிகளும் போர்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நேராகப் போய்த் துரையின் முன்னால் தம்ளரை வைத்தேன்.

“துவான், தெங்கோ! ஜெந்திக்! இந்த வீட்டு ஆயர்!” என்றேன். துரையே, பாருங்கள், புழு, இந்த வீட்டுத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னது அவ்வளவுதான். துரை தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவன் பக்கத்தில் இருந்த துரைசாணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மெம்பர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நினைத்து நான் எத்தனையோ பொழுது சந்தோஷப்பட்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டரும் அங்கேதான் இருந்தான், கை கட்டிக்கொண்டு. “ஐயா, சம்மன் பொஸ்தகம் கொண்டாரலியா?” என்று அவனைக் கேட்டுவிட்டு வந்தேன்.

சட்டத்துக்கு முன்னால் எல்லோரும் சமம் என்றால் அடுத்த நாள் மெம்பருக்குச் சம்மன் போயிருக்க வேண்டும், அந்தக் குளத்தையும் ஒருவன் பூட்ஸ் காலால் மிதித்து உடைத்திருக்க வேண்டும். நானும் பைத்தியக்காரி மாதிரி காத்துக்கொண்டிருந்தேன். நடந்தது என்ன தெரியுமா? மெம்பர் வீட்டில் நம் பால் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் போர்டு கூடி விதியைத் திருத்தியது. நீர்ச்செடி வளர்க்கும் அலங்காரக் குளங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு. மெம்பரே எழுந்து பேசினானாம், ஊரின் அழகும் முக்கியம் என்று. தமிழிலும் அச்சடித்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். கடவுளுக்கு இல்லாத விலக்கு கொக்கு பொம்மைக்குக் கிடைத்துவிட்டது. நான் அதை முழுசாகப் படித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா பயந்துபோனார்.

அடுத்து நடந்ததுதான் நீ வேடிக்கையென்று நினைத்துக்கொண்டிருப்பது. நம் சந்துப் பெண்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். செல்லாயி அக்காவை ஒதுக்கிய பெண்கள்தான், ஆனால் அவர்களுக்கும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. பாரிட்டில், அதுதான் ரோட்டோர வாய்க்காலில், ஆகாயத்தாமரை ஏராளமாகக் கிடந்தது. சந்தில் இருந்த ஒவ்வொரு குடத்திலும் வாளியிலும் மண்ணெண்ணெய்த் தகரத்திலும் ஒன்று மிதக்க விட்டோம். கூடவே அதே பாரிட்டில் பிடித்த பொடி மீனையும் விட்டோம், அது ஜெந்திக்கைத் தின்றுவிடும். நீயும் கால்சட்டையை மடித்துக்கொண்டு மீன் பிடித்துக் கொடுத்தாய். இன்ஸ்பெக்டர் வந்தான். முதல் வீட்டு ஆயா வாசலிலேயே நின்று, “வாங்க ஐயா, எங்க அலங்காரக் கொளத்தப் பாருங்க” என்றாள். அடுத்த வீட்டில், “இது எங்க அலங்காரக் கொளம். காலைல எந்திரிச்சா இது மொகத்துலதான் முழிப்போம்” என்றார்கள். மூன்றாவது வீட்டில் உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டு, கொளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறச் சொன்னார்கள். அவனுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. என் பேரில்தான் சம்மன் எழுதினான்.

கோர்ட்டுக்குச் சந்தே வந்தது. மாஜிஸ்ட்ரேட் துரை என் தகரத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தான். மீன் ஓடிக்கொண்டிருந்தது, ஊதாப் பூ ஒன்று பூத்திருந்தது. குளம் என்றால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. யாருக்கு அலங்காரம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று இருக்கிறதா? அதுவும் இல்லை. அவனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை, கேஸைத் தள்ளிவிட்டான். வெள்ளைக்காரன் நியாயவான் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மெம்பருக்கு இந்த ஊரில் வேறு பெயர் கிடையாது. குளத்து மெம்பர். வாசகசாலையில் எழுந்து, “நம்ம உரிமையை” என்று ஆரம்பித்தால் பின்பெஞ்சிலிருந்து, “கொளத்துக்கு மட்டும்தானுங்களா?” என்று ஒரு குரல் வரும். பசாரில் மீன்காரன்கூட, “கொளத்து மீனுங்க ஐயா, விதிப்படி வளர்ந்தது” என்பான். கொஞ்ச நாளில் அவன் மேடை ஏறுவதை விட்டான். பின்னால் போர்டிலும் அவனை மறுபடி நியமிக்கவில்லை. துரைமாருக்குச் சிரிப்புக்கு ஆளானவன் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் தாங்கள் செய்ததற்கெல்லாம் வருத்தப்படுவார்கள். நான் துளிகூட வருத்தப்படவில்லை. அவன் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்தைக் கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றாகப் பசி எடுத்தது, நன்றாகத் தூக்கம் வந்தது. பழி வாங்கினால் மனசு ஆறாது என்று சொல்கிறவர்கள் சரியாக வாங்கியிருக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் குறை, இதைப் பார்க்கச் செல்லாயி அக்கா இல்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்களே, அந்தக் கஷ்டகாலத்தில்தான் உன் அப்பா கண்ணை மூடினார். நீயும் நானும் மாட்டை வைத்துத்தான் கரையேறினோம். புக்கிட் பெருவாங் பக்கம் போய்ப் புல்லறுத்துக் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வருவாய், சட்டையை மாற்றிக்கொண்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவாய். அந்த அமளியில் பழைய துரைகள் போய்ப் புதுத் துரைகள் வந்தார்கள். யார் எதற்குச் சிரித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மெம்பர் மறுபடி மேசையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் அவன் கொண்டுவந்த விதி உனக்குத் தெரியும், பரீட்சைக்கே படித்திருப்பாய். ஊர் எல்லைக்குள் மாடு கட்டக் கூடாது, கட்டினால் அவிழ்த்துக்கொண்டு போய்ப் போர்டுப் பட்டியில் அடைக்க வேண்டும். மாட்டுச் சாணத்தால் வியாதி பரவுகிறதாம். அவன் லாயத்தில் நிற்கிற குதிரைகள் என்ன போடுகின்றன என்று நோட்டீஸில் இல்லை. அவன் மருமகன் டப்பாப் பாலுக்கு ஏஜென்சி எடுத்திருக்கிறான் என்பதும் நோட்டீஸில் இல்லை.

இந்த விதியை நடத்த இன்ஸ்பெக்டர் வேண்டும். ஊரில் எத்தனையோ பையன்கள் தேறி வேலை இல்லாமல் அலைகிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு உன்னைத் தேடிப் பிடித்தான், உன்னை எங்கேயும் அனுப்பாமல் நம் வட்டாரத்தையே உனக்குக் கொடுத்தான். நீ அதை அதிர்ஷ்டம் என்றாய். யோசித்துப் பார், தம்பி. நீ என் மாட்டை விட்டுவிட்டால், தாய்க்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா என்று கேட்டு உன்னை வேலையிலிருந்து விரட்டுவான், அதே வாசகசாலையில் நின்று அதைப் பேசுவான். நீ என் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், நான் கட்டின வீட்டுக்குள் என் பிள்ளையின் பூட்ஸையே விட்டுவிட்டான் என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் அவனுக்கு லாபம். பழசை மறந்தவன் இவ்வளவு கச்சிதமாக யோசிப்பானா?

இந்த வேலை வேண்டாம் என்று உனக்கு உத்தரவு போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து அதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்கிறவர்களைத் திட்டியே வாழ்க்கையைக் கழித்தவள் நான். உனக்கு வயது வந்துவிட்டது, உன் தலை உன்னுடையது. பெற்றவள் என்பதற்காக நான் உன்மேல் ஒரு போர்டு நடத்த முடியாது. வேலையை எடுத்துக்கொள், விடு, இரண்டுக்கும் நான் குறுக்கே வர மாட்டேன். அதற்காக என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்கவும் மாட்டேன்.

ஒன்றாம் தேதி நீ வேலைக்குச் சேர வேண்டும் என்றாய். அன்றைக்குக் காலையிலும் நான் வழக்கம்போலப் பால் கறப்பேன். மாட்டை ஒளித்துவைக்க மாட்டேன், தோட்டத்து உறவுக்காரர்களிடம் ஓட்டிவிடவும் மாட்டேன். நீ காக்கிச் சட்டையோடு சந்துக்குள் வந்தால், என் பிள்ளை வருகிறான் என்று எழுந்து வர மாட்டேன். மற்ற இன்ஸ்பெக்டர்களைப் போலவே உன்னையும் ஐயா என்றுதான் கூப்பிட்டு, உத்தரவுக் காகிதத்தைக் காட்டச் சொல்வேன். சந்து முழுக்க வாசலுக்கு வந்து நிற்கும். குளத்து மெம்பரும் ரோட்டோரம் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பான், அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டான். நான் அழுவேன் என்று அவன் எதிர்பார்ப்பான். ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது. நான் அவனைத் திரும்பியும் பார்க்க மாட்டேன், உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் அவன்மேல் வைத்திருந்த பழியை அன்றைக்கு உன்மேல் மாற்றிவைப்பேன், நான் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருப்பவள் என்று இப்போது உனக்குத் தெரியும்.

கூலிகளைத் தொடவிடாதே. கயிற்றை நீயே அவிழ்க்க வேண்டும். தாய் செத்த கன்றாக நம் வீட்டில் கிடந்தபோது உன் விரலைச் சப்பிக் கஞ்சி குடித்து வளர்ந்தவள் கருப்பி. வேறு யாராவது பிடித்தால் முட்டுவாள். உன்னிடம் முரண்டு பிடிக்க மாட்டாள், நீ இழுக்க வேண்டிய வேலையே இருக்காது, பட்டிவரைக்கும் அவளாகவே உன் பின்னால் வருவாள்.

உன் அம்மா